எட்டுக்காலிக்கு இட்ட உணவு

உயிர்களுள் சிலவற்றைக் கண்டால் நமக்கு அன்பு சுரக்கின்றது. சிலவற்றைக் கண்டால் அச்சம் பிறக்கின்றது. பசுவைக் கண்டால் தடவிக் கொடுக்கின்றோம். கிளியைக் கண்டால் கொஞ்சுகின்றோம். சிலந்தியைக் கண்டாலோ துடைப்பத்தைத் தேடுகின்றோம். அத்தகைய சிலந்தி ஒன்றுக்கு மூன்று திங்கள் உணவிட்டுக் காக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. அதில் நாம் செய்த பிழையையும், அப்பிழையால் கற்றதையும் சங்கத்து அன்பர்களுக்கு மறைக்காமல் எழுதுகின்றோம். நகைக்க வேண்டிய இடத்தில் நகையுங்கள். சிந்திக்க வேண்டிய இடமும் இதில் ஒன்றிரண்டு உண்டு.

நாம் புனே நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். மெட்ரிக் தேறியதோடு நம் படிப்பு நின்றது. வீடு பழைய சாங்வியில், முளா, பவனா என்னும் ஈராறுகளுக்கு இடையே. நாள்தோறும் தாபோடி நிலையம் வரை நடந்து, லோக்கல் வண்டி ஏறிப் பணிக்குச் செல்கின்றோம். வீட்டில் நாம், நம் இல்லாள், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், தந்தையார் மறைந்தபின் அரக்கோணத்திலிருந்து வந்து எம்மோடு தங்கிவிட்ட தாயார் ஆகிய நால்வர். ஐந்தாமவன் நம் இல்லாளின் தம்பி. ஹிஞ்சவடியில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகின்றான். கூடத்தை அடுத்த சிற்றறை அவனுடையது. அவ்வறைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியும், அப்பெட்டிக்குள் ஆறாம் உயிர் ஒன்றும் இருப்பதை நாம் அறிந்தது அவன் வந்து ஒரு கிழமை சென்ற பின்னரே.

பெட்டியின் அடியில் தேங்காய் நார்த்தூள். ஒரு மூலையில் பாதிக் கொட்டாங்கச்சி கவிழ்ந்து கிடக்கும். மற்றொரு மூலையில் புட்டி மூடி ஒன்றில் நீர். அக்கொட்டாங்கச்சியின் வாயிலில் உள்ளங்கை அகலத்திற்கு, பழுப்பு மயிர் சுருண்டு அடர்ந்த சிலந்தி ஒன்று கல்லைப் போல் அமர்ந்திருக்கும். டாரன்டுலா என்று உலகம் வழங்கும் பெருஞ்சிலந்தி இனங்களுள் ஒன்று. சுருள்மயிர்ச் சிலந்தி என்று மைத்துனன் சொன்னான். அதன் முன்னோர் வாழ்ந்த நாடு நடு அமெரிக்காவில் நிகராகுவா, கோஸ்டாரிகா ஆகிய பகுதிகள். ஆனால் இது பெட்டியிலேயே பிறந்து பெட்டியிலேயே வளர்ந்தது. பெண் சிலந்தி. நன்கு பேணினால் இருபது ஆண்டும் வாழும் என்றான். தாயார் எட்டிப் பார்த்தார், "எட்டுக்காலியா! இதையா வைத்துக்கொண்டு தூங்குகிறாய்?" என்றார். அன்று முதல் அதன் பெயர் எட்டுக்காலி ஆயிற்று.

நாம் எழுத்தர் அல்லவா? நம் முதல் வினா, "இதற்குத் தாள் உண்டா?" என்பதே. உண்டு என்று எடுத்துக் காட்டினான். காட்டுயிர் வணிகத்தை வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் அரசிடம் அறிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த விதிகளும் இதனைக் கூறுகின்றன. பதிவுக்கு ஆறு திங்கள் தவணை இருந்தது. தவணை முடிவதற்குள் பரிவேஷ் என்னும் அரசு இணையவாயிலில் அவன் பதிவு செய்திருந்தான். நம் மனம் சற்றே அமைதியுற்றது.

தாயாரின் மனம் அமைதியுறவில்லை. அதனை அமைதிப்படுத்த மைத்துனன் ஒரு செய்தி சொன்னான். அச்செய்தி இருப்புப்பாதையில் பிழைக்கும் நம் குடும்பத்தையே வியப்பில் ஆழ்த்தியது.

இந்தியாவில் மரப்பொந்துகளில் வாழும் அழகிய பெருஞ்சிலந்தி இனம் ஒன்று உண்டு. பொசிலோதேரியா என்பது அதன் குடிப்பெயர். அக்குடியில் 'அரசுக்குரியது' எனப் பொருள்படும் ரெகாலிஸ் என்னும் பெயருடைய சிலந்தியை 1899-ஆம் ஆண்டில் ரெஜினால்டு இன்னஸ் போகாக் என்ற ஆங்கில அறிஞர் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். அவர் கைக்கு எட்டிய அச்சிலந்தி கிடைத்த ஊர் எது தெரியுமா? நம் அரக்கோணம்! அதே ஆண்டில் அவர் அறிமுகம் செய்த இன்னொரு சிலந்தி மயிற்கழுத்துப் போல் நீலநிறம் மின்னுவது. அது கிடைத்த இடம், ஆந்திரத்தில் குத்தி என்னும் ஊரில் இரயில்வேயின் மரக்கிடங்கு. அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குத்தி, குண்டக்கல், சோலாப்பூர், புனே என்று நாம் ஊருக்குப் போய்வரும் அதே தடத்தில் அச்சிலந்திகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

குத்திச் சிலந்தியின் கதை இன்னும் சுவையானது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் அது உயிருடன் பட்டதாக உறுதிப்படவில்லை. 2001-ஆம் ஆண்டில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மீண்டும் கண்டனர். குத்திக்கும் அக்காட்டிற்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காட்டில் வெட்டிய மரத்தோடு வண்டியேறி அச்சிலந்தி கிடங்கிற்கு வந்திருக்கவேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். பிறந்த காடு ஒன்று. இறங்கிய நிலையம் ஒன்று. உலகம் அதற்கு இட்டதோ இறங்கிய ஊரின் பெயர். பிழைக்க வந்தோர்க்கு இக்கதை புதிதன்று. இன்று அவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணித்துள்ளது. மரம் வெட்டுவோர் ஒருபுறம். அழகுக்காகப் பிடித்து விற்போர் மறுபுறம். அக்குடி முழுவதன் வணிகத்தையும் 2019-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மாநாடு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

இவற்றையெல்லாம் கேட்ட தாயார், "நம் ஊரிலும் இருந்ததா? நான் பார்த்ததில்லையே!" என்றார். அன்று முதல் அவர் அவ்வறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

2024-ஆம் ஆண்டு விநாயக சதுர்த்திக்கு மறுநாள் மைத்துனன் அலுவல் நிமித்தம் மூன்று திங்களுக்கு ஜெர்மனி புறப்பட்டான். புறப்படுமுன் ஒரு தாளில் ஏழு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினான். ஞாயிறுதோறும் ஒரு பூச்சி. பூச்சி, சிலந்தியின் உடலைவிடப் பெரிதாக இருத்தலாகாது. நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். கையில் எடுத்தலாகாது, வயிற்று மயிரை உதிர்த்துவிடும், அது தோலில் பட்டால் அரிக்கும். வீட்டுக் கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போடலாகாது. மருந்து தின்ற பூச்சியாயின் சிலந்தியும் மாளும். இவ்வாறு ஐந்து விதிகள். ஆறாம் விதியையும் ஏழாம் விதியையும் பின்னர்ச் சொல்கின்றோம். அவற்றை மறந்ததே இக்கட்டுரை பிறந்த கதை.

உணவுக்கான பூச்சிகள் வேறொரு தொட்டியில் இருந்தன. அவை சுவர்க்கோழிகள். முட்டை அடுக்கும் அட்டைகளுக்கிடையே ஐம்பது அறுபது இருக்கும். அவற்றுக்குத் தவிடும் காரட் துண்டும் உணவு. பூச்சி நன்றாக உண்டிருந்தால்தான் அதனை உண்ணும் சிலந்திக்கும் சத்து என்பது மைத்துனன் பாடம். ஆண் சுவர்க்கோழி இரவில் முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்பும். அவ்வொலி நம் வீட்டில் யாரும் எதிர்பாராத ஒரு நன்மை செய்தது. சாங்விக்கு வந்த நாள்முதல் தாயாருக்கு இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. வண்டிகளின் இரைச்சல், அடுக்ககத்து மின்தூக்கியின் ஓசை, பழகாத மொழியில் யாரோ பேசும் குரல். சுவர்க்கோழிகள் வந்தபின், "நம் ஊர்ப் பின்கட்டில் படுத்திருப்பது போல் இருக்கிறது" என்று சொல்லி உறங்கலானார்.

அவரை உறங்க வைக்கும் அப்பூச்சிகளில் ஒன்றை எடுத்துச் சிலந்திக்கு இரையாக்க வேண்டும். அவ்வேலை நம்முடையது.

முதல் ஞாயிறு வந்தது. இடுக்கியால் ஒரு சுவர்க்கோழியைப் பிடித்தோம். அது கால்களை உதைத்தது. கை நடுங்கிற்று. பெட்டிக்குள் இட்டோம். சிலந்திக்குக் கண் எட்டு இருந்தும் பார்வை மிகக் குறைவு. தரையின் அதிர்வைக் காலிலும் உடலிலும் உள்ள மயிர்களால் உணர்ந்தே இரையை அறிகின்றது. பூச்சி நான்கடி நடந்தது. கல்லாய்க் கிடந்த எட்டுக்காலி இமைப்பொழுதில் பாய்ந்து அதனைப் பற்றியது. பின் மெல்ல உண்ணத் தொடங்கியது. அது மென்று விழுங்குவதில்லை. செரிநீரை இரையின்மேல் வார்த்து, கரைத்து, நீர்மமாக உறிஞ்சுகின்றது. மறுநாள் பார்த்தால் சிறு உருண்டையாகச் சக்கை மட்டும் கிடக்கும்.

மகன் கண் கொட்டாமல் பார்த்தான். தாயாரோ கதவருகில் நின்று கேட்டார்: "ஏண்டா, காலையில் காக்கைக்குச் சோறு வைக்கிற வீடு இது. உயிரோடு இருப்பதைப் பிடித்து இன்னொரு உயிருக்குப் போடுகிறாயே, இந்தப் பாவம் யாரைச் சேரும்?"

நாம் விடை தேடினோம். "பல்லி ஈயைப் பிடிப்பது பாவமா அம்மா? இதுவும் இயற்கைதானே" என்றோம். "பல்லிக்கு ஈயைப் பிடித்துக் கொடுத்தது யார்? காட்டில் அந்தப் பூச்சிக்கு ஓட இடம் இருக்கும். இங்கே எங்கே ஓடும்?" என்றார். நாம் வாயடைத்தோம். நம் இல்லாள் அடுக்களையிலிருந்து, "ஞாயிறுதோறும் மீன் வாங்கி வருகிறீர்கள், அதற்கு யாரும் இப்படி வழக்காடவில்லை" என்றார். அதுவும் உண்மையே. மீன் செத்து நம் கைக்கு வருகின்றது. சாவைக் காணாததால் வினாவும் எழுவதில்லை.

அன்றிரவு மைத்துனனிடம் தொலைபேசியில் கேட்டோம். "மாமா, கொன்று போட்டாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வாயருகே வைத்தால் போதும். தலையை நசுக்கிவிட்டால் நொடியில் முடிந்துவிடும்" என்றான். நாம் அதனைத் தாயாரிடம் பெருமையோடு கூறினோம். அவர் சிரித்தார். "அப்போது பாவம் சிலந்தியை விட்டு உன் கைக்கு வருகிறது. அவ்வளவுதானே?" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "அடைத்து வைத்த அன்றைக்கே பாவம் அடைத்தவனைச் சேர்ந்துவிட்டது. அடைத்த பிறகு பட்டினி போட்டால் இன்னும் பெரிய பாவம். போடு. ஆனால் வேடிக்கைக்காகப் போடாதே. பிள்ளையை ஆள் கூட்டி வந்து பார்க்கவும் விடாதே."

எழுதப் படிக்க அதிகம் அறியாத தாயார் கூறிய இச்சொற்களைவிடத் தெளிவான விதியை நாம் இன்றுவரை எங்கும் கேட்டதில்லை. பூச்சிகளுக்கு வலி உண்டா, எவ்வளவு உண்டு என்பதை அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் முடிவு எவ்வாறாயினும், தேவைக்கு மேல் ஓர் உயிரைத் துன்புறுத்தலாகாது என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு?

புரட்டாசி பிறந்தது. அவ்வாண்டு புரட்டாசி முதல் நாளே புனேயில் விநாயகரைக் கரைக்கும் நாள். டோல் தாசா முழக்கம் தெருவெங்கும் எழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டுக்காலி கால்களை உடலோடு ஒடுக்கிக் கொட்டாங்கச்சிக்குள் புகுந்துகொண்டது. அதிர்வே கண்ணாக வாழும் உயிருக்கு அம்முழக்கம் எத்தகைய பேரிடியாக இருந்திருக்குமோ! மகன் தன் போர்வையை மடித்துப் பெட்டியின் அடியில் விரித்தான்.

புரட்டாசியில் நம் வீட்டில் மீன் இல்லை. தாயார், "வீட்டில் புலால் கூடாத மாதம். எட்டுக்காலிக்கும் ஒரு மாதம் விரதம் இருக்கட்டும்" என்றார். "சிலந்திக்கு ஏதம்மா புரட்டாசி?" என்று நகைத்தோம். ஞாயிறு பூச்சியை இட்டோம். எட்டுக்காலி தொடவில்லை. பூச்சியை எடுத்துவிட்டோம். அடுத்த ஞாயிறும் தொடவில்லை. "பார்த்தாயா? அதற்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை" என்றார் தாயார்.

நமக்குக் கவலை மிகுந்தது. மைத்துனன் நம்பிக்கையோடு விட்டுச் சென்ற உயிர்; பட்டினியால் மாண்டால் என் செய்வது? நாம் ஒரு குறிப்பேட்டில் நாள், கிழமை, இட்ட பூச்சி, உண்டதா இல்லையா என்று பத்தி பிரித்து எழுதி வந்தோம். இரண்டு கட்டங்கள் வெறுமையாய்க் கிடந்தன. வெறுமையான கட்டம் எழுத்தனுக்கு உறுத்தல். அக்டோபர் 6, மூன்றாம் ஞாயிறு. அன்று நமக்கு இரவுப் பணி. பெரிய சுவர்க்கோழி ஒன்றாகத் தேர்ந்து உள்ளே இட்டோம். "பசித்தால் இரவில் உண்ணும்" என்று சொல்லி, அதனை எடுக்காமலே பணிக்குச் சென்றோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். தாயார் சிலந்திப் பெட்டியின் அருகே தரையில் அமர்ந்திருந்தார். மகன் அழுதுகொண்டிருந்தான்.

நடந்தது இது. கோலமிட விடியலில் எழுந்த தாயார் அவ்வறையைக் கடந்திருக்கின்றார். விளக்கொளியில், எட்டுக்காலி மல்லாந்து கால்கள் விரிந்து கிடந்ததைக் கண்டார். இறந்துவிட்டது என்றே எண்ணினார். அதன் காலருகே நாம் இட்ட சுவர்க்கோழி நின்று எதையோ கடித்துக்கொண்டிருந்தது. "செத்ததையும் நிம்மதியாய்க் கிடக்க விடாதா?" என்று அவர் பெட்டியைத் திறந்து, அச்சிலந்தியைப் பார்க்கவும் கூசியவர், வெறுங்கையை உள்ளே விட்டுச் சுவர்க்கோழியைப் பிடித்தெடுத்தார். அதனை நசுக்கவும் இல்லை. தொட்டியிலேயே கொண்டுபோய் விட்டார்.

எட்டுக்காலி இறக்கவில்லை. சட்டை உரித்துக்கொண்டிருந்தது. பாம்பைப் போலச் சிலந்தியும் பழைய தோலை உரித்தே வளர்கின்றது. பெருஞ்சிலந்திகள் பெரும்பாலும் மல்லாந்து கிடந்தே உரிக்கும். அதற்குப் பல மணி நேரமும் ஆகலாம். அதற்கு முன் நாட்கணக்காக, சில வேளைகளில் கிழமைக் கணக்காக, உணவை மறுக்கும். உரித்த உடனே உடல் வெண்ணெய் போல் மென்மையாக இருக்கும். இரையைக் கொல்லும் நச்சுப்பற்களும் அப்போது வெண்மையாய், வலுவற்று இருக்கும். அந்நேரத்தில் எதிர்க்க அதனால் இயலாது. அந்நேரத்தில் இரையே வேடனாகின்றது.

மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சுவர்த்தாளைச் சுட்டினான். ஆறாம் விதி: "வயிறு கறுத்து, உணவை மறுத்தால் சட்டை உரிக்கப் போகின்றது, உணவிடாதீர்கள்." ஏழாம் விதி: "உண்ணாத பூச்சியை இரவில் உள்ளே விட்டுவைக்காதீர்கள்." நாம் அத்தாளை ஒருமுறை படித்தோம், மறுமுறை படிக்கவில்லை. வயிறு கறுத்ததையும் கண்டோம். கண்டதைக் குறிப்பேட்டில் எழுத அதற்கென ஒரு பத்தி இல்லை. எனவே மனத்திலும் எழுதவில்லை.

பத்து மணியளவில் எட்டுக்காலி மெல்லப் புரண்டு எழுந்தது. பளபளவென்று புதிய மயிர். ஆயின் இடப்புறத்துக் கால் ஒன்று கடிபட்டிருந்தது; அதில் நீலம் பாய்ந்த நீர் கசிந்தது. சிலந்தியின் குருதி செந்நிறமன்று. மாலைக்குள் அக்காலைத் தானே கழற்றிவிட்டது. உடலின் நீர் முழுதும் வடிந்து சாவதைவிட ஒரு காலை இழப்பது மேல் என்று இயற்கை அதற்குக் கற்பித்திருக்கின்றது. தாயார் பார்த்தார். "எட்டுக்காலி ஏழுக்காலி ஆகிவிட்டது" என்றார். அக்குரலில் கேலி இல்லை.

அன்று மைத்துனனுக்குத் தெரிவிக்க வேண்டும். இரு வழிகள் இருந்தன. உரிக்கும்போது கால் சிக்கிக் கழன்றுவிட்டது எனலாம். அவ்வாறு நேர்வதும் உண்டு, அவன் நம்பியிருப்பான். நம் இல்லாளும், "ஊருக்கு அப்பால் தனியாக இருக்கின்றான், ஏன் வருந்தச் செய்ய வேண்டும்?" என்று தயங்கினார். மகன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்சல் அலுவலகத்தில் சேதமுற்ற பொதியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். சேதம் எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்று உள்ளபடி எழுதுவதே நம் தொழில். பிறர் பொதிக்கு எழுதும் உண்மையை நம் பிழைக்கு எழுத மறுக்கலாமா? தொலைபேசியை எடுத்தோம். "தம்பி, பிழை நம்முடையது. ஆறாம் விதியும் ஏழாம் விதியும் மீறினோம்" என்று நடந்ததனைத்தும் சொன்னோம்.

சிறிது நேரம் ஒலியே இல்லை. பின் அவன் கேட்டது: "ஆயாவுக்குக் கை அரிக்கவில்லையே, மாமா?" நம் மகன் பாட்டியை ஆயா என்பான், அவனைப் பார்த்து மைத்துனனும் அவ்வாறே அழைப்பான். அரிக்கவில்லை என்றோம். "கால் மீண்டும் முளைக்கும். அடுத்த சட்டை உரிக்கும்போது சிறிதாக வரும். இரண்டு கிழமை உணவே வேண்டாம், நீர் மட்டும் வையுங்கள்" என்றான். நமக்குக் கண் கலங்கிற்று.

இரண்டு கிழமை சென்று, புரட்டாசியும் கழிந்த பின், நச்சுப்பற்கள் கறுத்து வலுப்பெற்றதைப் பார்த்தே மீண்டும் உணவிட்டோம். இம்முறை சிறு பூச்சி, தலை நசுக்கியது, வாயருகே வைத்தோம். எட்டுக்காலி ஏழு காலால் அதனைத் தழுவி எடுத்தது. தாயார் அருகில் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனன் மார்கழித் தொடக்கத்தில் திரும்பினான். அடுத்த ஆண்டு வைகாசியில் எட்டுக்காலி மீண்டும் சட்டை உரித்தது. இழந்த இடத்தில் மெலிந்த, குட்டையான, புதிய கால் ஒன்று இருந்தது.

அன்பர்களே! பிழைப்புக்காக வந்த ஊரில் நம் பிள்ளைகள் நாம் அறியாத பலவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சிலந்தி வேண்டும் என்று உங்கள் பிள்ளை கேட்டால், உடனே துடைப்பத்தையும் எடுக்க வேண்டா. உடனே வாங்கியும் தர வேண்டா. அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். காட்டில் பிடித்ததாயின் வேண்டவே வேண்டா; அரக்கோணத்திலும் குத்தியிலும் கிடைத்த நம் நாட்டுச் சிலந்திகள் மரப்பொந்தில் இருக்கட்டும். வெளிநாட்டு இனமாயின் தாள் இருக்கின்றதா என்று பாருங்கள். ஐயமிருப்பின் வனத்துறையினரைக் கேளுங்கள். இருபது ஆண்டு காக்க ஆள் உண்டா, ஒவ்வொரு கிழமையும் ஓர் உயிரை எடுத்து இன்னோர் உயிருக்கு இடும் கணக்கைப் பொறுப்போடு ஏற்க மனம் உண்டா என்றும் எண்ணிப் பாருங்கள். அம்மனம் இல்லையாயின் பெட்டியே வேண்டா.

நாம் கற்றது ஒன்று உண்டு. உணவிடுவது அறம் என்றே நம்மை வளர்த்தார்கள். வந்தவர்க்கு இலை போடுவதும், மறுத்தவர்க்கு மேலும் ஒரு கரண்டி வார்ப்பதும் நம் வழக்கம். அன்று இரவு நாம் இட்ட உணவு, உணவை வேண்டாத உயிரைத் தின்னப் பார்த்தது. எப்போது இடுவது என்று அறிவதைப் போலவே, எப்போது நிறுத்துவது என்று அறிவதும் அறத்தின் பாதி. அதற்குக் குறிப்பேட்டைப் பார்த்தால் போதாது. எதிரில் இருக்கும் உயிரைப் பார்க்க வேண்டும்.

இப்பாடத்தை நம்மினும் விரைவாகக் கற்றவன் நம் மகன். தாயார் அவன் தட்டில் நான்காவது தோசையை வைக்க வரும்போதெல்லாம், "ஆயா, நான் சட்டை உரிக்கப் போகிறேன்!" என்று கையால் தட்டை மூடிக்கொள்கின்றான். தாயாரும் சிரித்துக்கொண்டே அத்தோசையை எடுத்துச் சென்றுவிடுகின்றார். சென்ற கோடையில் அரக்கோணம் சென்றபோது, "குத்தி வந்தால் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டே அவர் வண்டியில் படுத்தார். எழுப்பினோம். சன்னலருகே அமர்ந்து, வண்டி நிலையத்தைக் கடக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கேதானா அது இறங்கியது?" என்று கேட்டார். ஆம் என்றோம்.